கிணற்றுக்குள் ‘நல்ல பற்றீரியா’ ஊற்றலாமா?

கேள்வி: நெடுங்கேணி வாசகர்
9 பெப்ரவரி 2024

வவுனியா வடக்கில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் நெல் அவிக்கிற சின்ன மில் ஒன்று. நாலைந்து மாதமாகக் கிணற்றுத் தண்ணீரில் கூழ்முட்டை மணம். அள்ளும்போது தெளிவு, வாளியில் வைத்தால் மஞ்சளாகிறது. கடைக்காரர் ஒருவர் ‘நல்ல பற்றீரியா’ என்று ஒரு லீட்டர்ப் போத்தல் 1,850 ரூபாவுக்குத் தருகிறார். கிணற்றுக்குள் ஊற்றினால் ஒரு கிழமையில் அழுக்கைத் தின்று முடித்துவிடுமாம். எண்ணெயையே தின்கிற பற்றீரியா இருக்கிறது என்றால் இதைத் தின்னாதா? பாவித்தவர்கள் சொல்லுங்கள்.

மில்காரன்
9 பெப்ரவரி 2024, இரவு

ஊற்றாதீர்கள். காரணம் நாளைக்கு. கரண்ட் இல்லை, போனில் 6 வீதம்தான் இருக்கிறது.

10 பெப்ரவரி 2024

சரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கதையில் நான் கிணற்றுக்காரன் இல்லை, மில்காரன். கிளிநொச்சிப் பக்கம் 2017இல் இருந்து நெல் அவிக்கிறேன். இரண்டு சீமெந்துத் தொட்டி, ஒரு பொயிலர், காயப்போட ஒரு தளம், அவ்வளவுதான். ஒரு தரம் ஆயிரம் கிலோ நெல் ஊறப்போட்டால் கிட்டத்தட்ட ஆயிரம் லீட்டர் தண்ணீரை வெளியே விட வேண்டி வரும். வைக்கோல் நிறம், புளித்த மணம். வளவின் பின்பக்கம் ஒரு கிடங்கு வெட்டி அதற்குள் விட்டேன். மண்தானே, இழுத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். இழுத்துக்கொண்டது. எங்கே கொண்டுபோகிறது என்று நான் கேட்கவில்லை.

2019 தொடக்கத்தில், மாரி முடிந்த கையோடு, பக்கத்து வளவு அக்கா கோப்பையும் கையுமாக வந்தார். “தம்பி, இதைக் குடிச்சுப் பார்.” பிளேன்ரீ. ஆனால் மை மாதிரிக் கறுப்பு. “தேயிலை கூடப் போட்டிட்டியளோ அக்கா?” என்று கேட்டேன். அவர் கோப்பையை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று முழுக்க அது அங்கேயே இருந்தது.

அந்தக் கறுப்புக்கும் உங்கள் கூழ்முட்டை மணத்துக்கும் காரணமே பற்றீரியாதான். ஊறல் தண்ணீரில் மாப்பொருளும் சீனியும் கரைந்திருக்கின்றன. அது மண்ணுக்குள் இறங்கினால் அங்கே ஏற்கெனவே இருக்கிற நுண்ணங்கிகளுக்குப் பந்தி. முதலில் தண்ணீரில் கரைந்த ஒட்சிசனை எடுத்துக்கொண்டு தின்னும். அது முடிந்தால் நைத்திரேற்றில் உள்ள ஒட்சிசனை எடுக்கும். அதுவும் முடிந்தால் மண்ணில் துருவாக ஒட்டிக்கொண்டிருக்கும் இரும்பைப் பிடிக்கும். அப்போது இரும்பு கரைந்து, நிறமே இல்லாமல் தண்ணீரோடு வரும். கடைசியில் சல்பேற்றில் கை வைக்கும், கூழ்முட்டை மணம் அங்கிருந்துதான் வருகிறது. வாளியில் காற்றுப் பட்டதும் கரைந்த இரும்பு மறுபடி துருவாகிறது, அதுதான் உங்கள் மஞ்சள். தேயிலைச் சாயத்தோடு சேர்ந்தால் மை. பழைய காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை செய்தார்களே, அதே வேலைதான் அக்காவின் கோப்பைக்குள் நடந்தது.

இப்போது போத்தலை யோசியுங்கள். அந்தத் திரவங்கள் பெரும்பாலும் கரும்புப் பாகில் வளர்த்தவை. ஏற்கெனவே தீனி கூடிப்போன கிணற்றுக்குள் இன்னும் தீனியும், இன்னும் தின்கிற ஆட்களும்.

11 பெப்ரவரி 2024

நேற்று எழுத விட்ட கணக்கு ஒன்று. 30 பாகை வெப்பத்தில் ஒரு லீட்டர் தண்ணீர் பிடித்து வைக்கக்கூடிய ஒட்சிசன் 7.5 மில்லிகிராம் அளவுதான். ஒரு லீட்டர் ஊறல் தண்ணீரைத் தின்று முடிக்க வேண்டிய ஒட்சிசன் ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டும். ஒரு வாளி ஊறலுக்கு நூறு வாளிக்கு மேல் நல்ல தண்ணீரின் மூச்சுப் போய்விடும். வெயில் கூடக் கூடத் தண்ணீருக்குள் ஒட்சிசன் குறையும், பற்றீரியாவின் பசி கூடும். வன்னியில் இரண்டுமே எங்களுக்கு எதிர். குளம் வற்றுகிற காலத்தில் விடியப்புறம் மீன் வாயை மேலே நீட்டிக்கொண்டு நிற்குமே, பார்த்திருப்பீர்கள்.

14 பெப்ரவரி 2024

எண்ணெய் தின்னும் பற்றீரியா பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இருக்கிறது. ஆனந்த மோகன் சக்கரவர்த்தி என்ற வங்காளி, அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை செய்தபோது, எண்ணெயின் பல பகுதிகளையும் தின்னக்கூடிய சூடோமோனாஸ் என்ற பற்றீரியா ஒன்றை உருவாக்கினார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை கொடுக்கலாமா என்று வழக்குப் போய், 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அவர் பக்கம் தீர்த்தது. புகழ் அந்த வழக்குக்குத்தான். அவருடைய பற்றீரியாவைக் கடலில் சிந்திய எண்ணெயில் எவரும் விடவில்லை.

1989இல் அலாஸ்காவில் எக்சன் வால்டீஸ் கப்பல் தட்டி எண்ணெய் கரையெல்லாம் அப்பியபோது செய்தது வேறு. கரைக் கற்களில் உரம் தெளித்தார்கள். நைதரசன், பொசுபரசு. எண்ணெய் தின்னும் ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு இருந்தது, கறி இல்லை. கறியைப் போட்டதும் வேலை வேகமானது.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளுக்குள் இறங்கிய நேரம் என் மாமி வீட்டார் தண்ணீர்ப் பவுசர் வரும்வரை கான்களை வரிசையில் வைத்துக்கொண்டு நின்றவர்கள். 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அந்த மின் நிறுவனத்தை 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அங்கேயும் ‘பற்றீரியா விட்டால் என்ன’ என்ற கதை வந்தது. கற்கரையில் அலை அடித்து அடித்து ஒட்சிசன் கொடுக்கும். சுண்ணாம்புக்கல்லுக்குக் கீழே யார் அலை அடிப்பது?

15 பெப்ரவரி 2024

தண்ணீர் மேல் மினுமினுவென்று வானவில் நிறத்தில் படலம் நிற்கிறது, எண்ணெய்தானே என்று தருமபுரம் ஆள் ஒருவர் படம் போட்டிருக்கிறார். ஒரு ஈர்க்கால் குத்திப் பாருங்கள். கண்ணாடி மாதிரித் துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்புப் பற்றீரியாவின் ஆடை. குத்திய இடம் வளைந்து ஓடி மறுபடி ஒட்டிக்கொண்டால் எண்ணெய். முதலாவது என்றால் நிம்மதியாக மூச்சு விடலாம். இரண்டாவது என்றால் குடிப்பதை நிறுத்திவிட்டு பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிடம் போங்கள்.

22 பெப்ரவரி 2024

நான் போத்தல் வாங்கியதை மறைத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வாங்கினேன், இரண்டு. 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியபோது வன்னியில் ஒவ்வொரு வீட்டுக் கோடியிலும் ஒரு பரல் புளித்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கும். சாணி, கோமியம், சர்க்கரை, அழுகின பப்பாசி. அந்தக் காற்றோடு வந்த வியாபாரி ஒருவரிடம் வாங்கி, கிணற்றுக்குள் இல்லை, என் கிடங்குக்குள் ஊற்றினேன். பத்து நாளில் மணம் போய்விட்டது. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். என் மச்சானும் வாங்கினார்.

அப்புறம்தான் யோசித்தேன். அந்தப் பத்து நாளும் மில்லில் வேலை இல்லை. நெல் கைக்கு வராத காலம். ஊறல் தண்ணீரே விடாமல் கிடங்கை வெறுமனே விட்டிருந்தாலும் மணம் போயிருக்கும். அடுத்த போகம் நெல் வந்ததும் இரண்டாவது போத்தலை ஊற்றினேன். நாற்றம் ஒரு நாள்கூடக் குறையவில்லை. மச்சான் இன்னும் அந்தக் காசைக் கேட்கிறார்.

3 மார்ச் 2024

அந்த இரண்டு போத்தலுக்குப் பின் நடந்தது.

முதலில் கிடங்கை மூடி, சீமெந்துத் தொட்டி கட்டி, மீன் வளர்ப்புக்காரரிடம் பழைய காற்றூதி ஒன்று வாங்கிப் பூட்டினேன். நகரத்துக் கழிவுநீர் நிலையங்களில் நடப்பதும் இதுதான். காற்று அடித்து, பற்றீரியாச் சேற்றை வெளியே விடாமல் திரும்பத் திரும்பப் பாவிப்பது. ஆர்டன், லொக்கெற் என்ற இரண்டு பேர் 1914இல் மான்செஸ்ரரில் இதை எழுதிக் காட்டினார்கள். என் தொட்டியும் வேலை செய்தது. தவிட்டு நிறத்தில் பஞ்சு பஞ்சாகச் சேறு கட்டியது, மணம் மழை பெய்த மண் மாதிரி. பெருமையாக இருந்தது. கரண்ட் பில்லைப் பார்க்கும்வரை.

பிறகு 2022 மார்ச் கடைசி. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. இரண்டாம் நாள் அந்தப் பஞ்சுச் சேறு கறுத்து மேலே மிதந்தது. காற்றில் வாழ்கிற ஆட்கள் செத்து, காற்று வேண்டாத ஆட்கள் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். நாற்றம் ஏ9 வீதி வரைக்கும் என்று சொன்னால் மிகைதான், ஆனால் அக்கா வீட்டு யன்னல்கள் ஒரு கிழமை திறக்கவில்லை.

காற்று வேண்டாத ஆட்கள்தான் இந்த ஊருக்குச் சரி என்பது அப்போதுதான் உறைத்தது. அவர்களுக்கு டீசலும் வேண்டாம், மின்சார சபையும் வேண்டாம். மூடி வைத்தால் போதும்.

4 மார்ச் 2024

மூடி வைத்தால் போதும் என்று எழுதியது பிழை. நானே பட்டது.

பத்தாயிரம் லீட்டர் பிடிக்கும் மூடிய தொட்டி ஒன்றை நிலத்துக்குக் கீழே கட்டினோம். ஒரு லாண்ட்மாஸ்டர் (கைத்திராக்டர்) பெட்டி மாட்டுச்சாணி, அதே அளவு தண்ணீர். மாட்டு வயிற்றில் இருந்து வருகிற மெதேன் ஆட்கள் சாணியிலேயே இருக்கிறார்கள், போத்தலில் வாங்கத் தேவையில்லை. இரண்டு கிழமை பொறுக்கச் சொன்னார்கள். எனக்கு எங்கே பொறுமை? மூன்றாம் நாளே ஆயிரம் லீட்டர் ஊறலை விட்டேன். தொட்டி புளித்தது.

விசயம் இதுதான். உள்ளே இரண்டு வகை ஆட்கள். ஒரு கூட்டம் சீனியை அமிலமாக்கும், அவர்கள் வேகம். மற்றக் கூட்டம் அந்த அமிலத்தின் விளைவுகளைத் தின்று வாயுவாக்கும், அவர்கள் மெதுவாகப் பெருகுகிறவர்கள், புளிப்பு ஆகாது. ஒரேயடியாகத் தீனி போட்டால் முதல் கூட்டம் சமைத்துக் குவிக்கும், இரண்டாம் கூட்டம் பந்தியை விட்டே எழும்பிவிடும். புளிப்பை அளக்கிற பீ.எச். கடதாசி நனைத்துப் பார்த்தேன்: 5. ஏழுக்கு அண்டையில் நிற்க வேண்டியது. தீனியை நிறுத்தி, சுண்ணாம்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன், அடுப்புச் சாம்பலும் போட்டேன். மூன்று கிழமை. ஒரு பின்னேரம் குழாய் வாயில் நெருப்புக்குச்சியைக் காட்டினேன். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் நீலமாக ஒரு நாக்கு, பகல் வெளிச்சத்தில் தெரியவே இல்லை, கையைக் கிட்டக் கொண்டுபோய்ச் சுட்டுக்கொண்ட பிறகுதான் விளங்கியது.

இப்போது நூறு லீட்டரில் தொடங்கி ஏற்றி, கிழமைக்கு இரண்டாயிரம் லீட்டர் போகிறது. அப்படியென்றால் ஒவ்வொரு சொட்டும் ஐந்து கிழமை உள்ளே இருக்கும். வாயுவில் பொயிலர் எரியாது, தேத்தண்ணி கொதிக்கும்.

கவனம்: மூடிய தொட்டிக்குள்ளோ கெட்ட கிணற்றுக்குள்ளோ தலையை விடாதீர்கள். அந்தக் கூழ்முட்டை வாயு கூடினால் மணமே தெரியாமல் மயக்கிவிடும். கிணற்றுக்குள் மண்ணெண்ணெய் மெஷினை இறக்கி இறைக்கிற பழக்கமும் அப்படித்தான், அதன் புகை கீழேயே தங்கி ஆளைக் கொன்றுவிடும்.

9 மார்ச் 2024

தொட்டியில் இருந்து வருவது சுத்தமான தண்ணீர் இல்லை. மணம் குறைந்த, கறுத்த தண்ணீர். அதைச் சரளைக்கல் போட்ட ஒரு ஆழமில்லாத வாய்க்காலில் விட்டு, ஆகாயத்தாமரை வளர்த்திருக்கிறேன். வேர்தான் அங்கே வீடு, பற்றீரியா ஒட்டிக்கொண்டு வாழும்.

10 மார்ச் 2024

வவுனியா அண்ணை ஒருவர் எழுதியிருக்கிறார்: “ஆகாயத்தாமரை வளர்க்கிறது சட்டவிரோதம் தம்பி. 1909இலேயே சட்டம் போட்டாச்சு.” உண்மைதான். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அது குளத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாததா. பிடுங்கி எரித்துவிட்டேன். இப்போது சம்புப் புல் நிற்கிறது. நேற்றைய குறிப்பை அழிக்கவில்லை, என் மடத்தனம் அப்படியே இருக்கட்டும்.

சட்டம் என்று வந்ததால்: நெல் ஊறவைத்து அவிக்கிற ஆலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம். உங்கள் மில்காரரிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள். நான் முதல் இரண்டு வருடம் எடுக்கவில்லை.

2 ஏப்ரல் 2024

அக்காவின் கிணறு என்ன ஆனது என்று கேட்கிறீர்கள். ஊறலை நிறுத்தியதும் அடுத்த நாள் தெளியும் என்று எதிர்பார்த்தேன். இரண்டு மாரி எடுத்தது. மண்ணுக்குள் சேர்ந்த தீனி முடிய வேண்டும், மழை புது ஒட்சிசனைக் கீழே கொண்டுபோக வேண்டும். யாரும் எதுவும் ஊற்றவில்லை.

அதுவரைக்கும் அவருக்கு ஒரு மண்வடி செய்து கொடுத்தேன். நீலப் பரல், அடியில் சரளை, மேலே கழுவி அரித்த மணல், மணலுக்கு மேல் எப்போதும் 5 சென்ரிமீற்றர் தண்ணீர் நிற்கிற மாதிரி வெளிக்குழாய். பரலுக்கு மேலே ஓட்டை போட்ட தட்டு. தண்ணீர் அதில் விழுந்து சிதறும்போது காற்றுப் பட்டு, இரும்பு துருவாகி மணலில் தங்கும். இரும்பைப் பற்றீரியா தின்றுவிடும்.

3 ஏப்ரல் 2024

கடைசி வசனம் பிழை. இரும்பை எவரும் தின்று முடிக்க முடியாது. கரைந்தது கரையாததாக மாறும், அவ்வளவுதான். அந்தத் துருவை நாங்கள்தான் அள்ளிக் கொட்ட வேண்டும். சில பற்றீரியாக்கள் அந்த மாற்றத்தைச் செய்து பிழைக்கின்றன, அதுதான் பரலில் படிகிற செம்மஞ்சள் வழுவழுப்பு. மாப்பொருள், சீனி, எண்ணெய் என்றால் உடைத்துக் காற்றாக்கிவிடலாம். இரும்பு, உப்பு, புளோரைட்டு என்பவை உடையாது.

இதை அடித்தே சொல்கிறேன், ஏனென்றால் கேள்வி கேட்டவர் வவுனியா வடக்கு. அந்தப் பக்கம் சிறுநீரக வருத்தக் கதை எல்லோருக்கும் தெரியும். கல்சியம் கூடிய தண்ணீர், புளோரைட்டு கூடிய தண்ணீர் என்றால் எந்தப் போத்தலும் எந்த மண்வடியும் உதவாது. அதற்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் (சவ்வு வழியே அழுத்தி வடித்தது), அல்லது மழைநீர்த் தொட்டி.

6 ஏப்ரல் 2024

“எல்லாத்தையும் தின்னும் பற்றீரியா ஒன்று இருந்தால் எங்கட கந்தோருக்கு ஒரு போத்தல் அனுப்புங்கோ, பழைய ஃபைல் கிடக்குது” என்று ஒரு அக்கா. கடதாசி தின்கிறவை இருக்கின்றன அக்கா. உங்கள் கந்தோர் ஈரமாக இருந்தால் ஏற்கெனவே தொடங்கியிருக்கும்.

19 ஏப்ரல் 2024

மண்வடி பற்றி இன்னும். மணல் அழுக்கை அரித்தெடுக்கிறது என்று நினைத்தேன். பாதிதான். மேல் மணலில் இரண்டு மூன்று கிழமையில் வழுவழுவென்று ஒரு தோல் படியும், அதற்குள் வாழ்கிறவை தண்ணீரோடு வருகிற கெட்ட கிருமிகளைப் பிடித்துத் தின்னும். 1892இல் ஜெர்மனியில் ஹம்பேர்க் நகரத்தில் வாந்திபேதி வந்து எண்ணாயிரத்துக்கு மேல் ஆட்கள் செத்தார்கள். ஒட்டினாற்போல் இருக்கிற அல்தோனா பெரும்பாலும் தப்பியது. இரண்டும் எல்பே ஆற்றுத் தண்ணீர். அல்தோனா எடுத்தது ஹம்பேர்க்கின் கழிவு கலந்த கீழ்த் தண்ணீர், ஆனால் மணலில் வடித்து.

அக்காவின் பரலில் நடந்தது: மூன்றாம் கிழமை அவருடைய அம்மா வந்து பார்த்திருக்கிறார். மணலுக்கு மேல் ஒரே பாசித்தோல். “சீ, என்ன ஊத்தை!” ஒரு கை ப்ளீச்சிங் பவுடரைப் போட்டு உரசித் தேய்த்து, பளிச்சென்று கழுவிவிட்டார். என் மூன்று கிழமையும் வாய்க்காலில் ஓடியது.

சுகாதார ஆட்கள் தருகிற சின்னப் போத்தலில் தண்ணீர் விட்டு ஒரு நாள் வைத்துப் பார்த்தோம். மலக்கிருமி இருந்தால் கறுக்கும். கழுவின மறுநாள் வடித்த தண்ணீர் கரி மாதிரி. ஒரு மாதம் கழித்து அதே பரல், அதே கிணறு, போத்தல் நிறம் மாறவே இல்லை. இருந்தாலும் கொதிக்கவைத்துத்தான் குடிக்கச் சொன்னேன். வைரசு போன்ற சின்னனுகள் மணலைத் தாண்டும்.

அம்மாவில் பிழை இல்லை. 2018 டிசம்பர் வெள்ளத்தில் மலசலகூடக் குழியும் கிணறும் ஒன்றாகின வீட்டில் இருந்தவர். கிணறு என்றால் இறை, குளோரீன் போடு என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தது. வெள்ளத்துக்கு அது சரி. வடிக்குப் பிழை.

5 மே 2024

தேற்றாங்கொட்டை உரசினால் தெளியுமே, அதுவும் நுண்ணங்கியா? இல்லை. கொட்டைச் சாறு கலங்கலைத் திரட்டிக் கீழே இறக்கும். அம்மம்மா மண்குடத்தின் உட்பக்கம் வட்டம் வட்டமாக உரசுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. குளத்துத் தண்ணீர் விடிய முதல் கண்ணாடியாகும். கிருமி கொஞ்சம் சேற்றோடு இறங்கும், மிச்சம் கண்ணாடிக்குள்ளேயே நீந்தும்.

23 மே 2024

நைத்திரேற்று. இதில் பற்றீரியாதான் குற்றவாளி, அதுவேதான் வைத்தியரும். மலக்குழியில் இருந்து வருகிற அமோனியாவையும் வயலில் போட்ட யூரியாவையும் நைத்திரேற்றாக மாற்றுவது மண்ணில் இருக்கிற பற்றீரியா. லீட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. போத்தல் பால் குடிக்கிற கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து. கொதிக்கவைத்தால் தண்ணீர் வற்றி இன்னும் கூடும். அதைத் திரும்ப நைதரசன் காற்றாக்குகிற பற்றீரியாவும் உண்டு, ஒட்சிசன் இல்லாத இடமும் தின்ன ஏதாவதும் வேண்டும். ஐரோப்பாவில் சில நீர்நிலையங்களில் அதற்குத் தீனியாக அற்ககோல் கொடுக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பற்றீரியாவுக்குக் கள்ளுப் போதும் என்று மச்சான் சொல்கிறார். வீட்டுக் கிணற்றில் முயற்சிக்க வேண்டாம், மச்சானையும் சேர்த்துத்தான்.

30 ஜூன் 2024

கேள்வி கேட்ட நெடுங்கேணிக்காரர் தனியே எழுதியிருந்தார். தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தாராம். இரும்பு கூட, மலக்கிருமியும் இருக்கிறது, புளோரைட்டு எல்லைக்குள். அப்படியென்றால் மண்வடி உதவும். மலக்கிருமி மில்லில் இருந்து வரவில்லை. அவருடைய சொந்த மலக்குழி கிணற்றில் இருந்து முப்பது அடிதானாம். ஐம்பது அடியாவது வேண்டும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பதில் போடவில்லை.

மில்காரரிடம் சண்டைக்குப் போக முதல் ஒரு பிளேன்ரீயோடு போங்கள் என்று சொல்லியிருந்தேன். போனாராம். மில்காரர் குடிக்கவில்லை, ஆனால் முகர்ந்து பார்த்தாராம்.

14 ஜூலை 2024

அந்த நெடுங்கேணி மில்காரர் கேட்டுவிட்டிருக்கிறார்: எத்தனை பெட்டி சாணி, தொட்டிக்குச் செங்கல்லா சீமெந்துக் கல்லா, முதல் எத்தனை லீட்டர்? ஒரு பெட்டி. எந்தக் கல்லும் சரி, உள்ளே பூச்சு நன்றாக இருக்க வேண்டும், ஒழுகினால் மறுபடி கிணற்றுக்குத்தான் போகும். சாணி போட்டு மூன்று கிழமைக்குப் பிறகு நூறு லீட்டர், அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம், அவர் எவ்வளவு அவசரப்பட்டாலும். முதல் மாதம் நாறும் என்று பக்கத்து வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கச் சொல்லுங்கள்.